ட்ரவுட்டுக்கும் பாஸுக்கும் ஒரே ஃப்ளை ராடு போதுமா? எதை முதலில் வாங்குவது?

மிச்சிகனுக்குப் புதிதாக வந்திருக்கிறேன், ஆற்றில் ட்ரவுட், வீட்டுப் பக்கத்து ஏரியில் பாஸ், இரண்டு மீனையும் ஃப்ளை (பூச்சி மாதிரிக் கட்டிய பொய் இரை) போட்டுப் பிடிக்க ஒரே செட் (ராடு என்கிற கம்பு, லைன் என்கிற கயிறு, அதைச் சுற்றும் ரீல்) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆனால் இரண்டு செட்டையும் இப்போதே வாங்க வேண்டாம்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். கடையில் முதலில் கண்ணில் பட்டது பளபளவென்று ஒரு ரீல், கையில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விட்டது. மிச்சத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த எட்டாம் எண் ராடு, இருப்பதிலேயே மலிவான லைன். அதைத் தூக்கிக்கொண்டு கிரேலிங் ஊர்ப் பக்கம் ஓ சாபிள் ஆற்றுக்குப் போனேன். ஒரு சாண்கூட இல்லாத புரூக் ட்ரவுட் ஒன்று மாட்டியது. மாட்டியதே எனக்குத் தெரியவில்லை. லைனைத் தூக்கும்போதுதான் பார்க்கிறேன், கொடியில் காயப்போட்ட கைக்குட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது பாவம்.

ஊரில் தாமிரபரணிக் கரையில் மூங்கில் கம்பு, தங்கூஸ், தக்கை, மண்புழு என்று வளர்ந்தவனுக்கு ஒரு விஷயம் புரிய நாளாயிற்று. அங்கே தூண்டிலைத் தூரமாகக் கொண்டுபோவது ஈயக்குண்டு. ஃப்ளையில் முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிக் கட்டிய சின்ன முள், எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாம் எறிவது லைனைத்தான், ஃப்ளை சும்மா அதன் பின்னால் போகிறது. அதனால்தான் அந்த லைன் தடிமனாக, பிளாஸ்டிக் பூச்சோடு இருக்கிறது. ராடில் போட்டிருக்கும் எண்ணும் மீனின் எடை அல்ல, லைனின் எடை: முன்பக்கத்து 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருந்தால் அது 5, 210 கிரெய்ன் இருந்தால் 8. ஆக, எந்த மீன், அது எந்த அளவு ஃப்ளையைக் கடிக்கும், அந்த ஃப்ளையைக் கொண்டுபோக எந்த லைன், அந்த லைனுக்கு எந்த ராடு என்று யோசித்துக்கொண்டே வந்தால் ரீல் தானாகக் கடைசிக்குப் போய்விடும்.

ட்ரவுட்டுக்கு 9 அடி, 5 எண் ராடு எடுங்கள். இங்கே பெரும்பாலும் போடுவது 14, 16 அளவு ஃப்ளைதான் (எண் கூடக் கூட முள் சிறுக்கும்). 1922இல் இதே மிச்சிகனில் போர்ட்மன் ஆற்றுக்காகக் கட்டிய ஆடம்ஸ் என்கிற ஃப்ளைதான் இன்றும் என் டப்பாவில் பாதி. லைன் பெட்டியில் டபிள்யூஎஃப்5எஃப் என்று இருக்க வேண்டும்: முன்பக்கம் கனம், 5 எண், மிதக்கும். ராடில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, லைனில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். லீடர், அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய தங்கூஸ், 9 அடி, முனை 5எக்ஸ். இந்த எக்ஸ் கணக்கு எளிது: 11இலிருந்து கழியுங்கள், 5எக்ஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு, சுமார் 0.15 மில்லிமீட்டர்.

பாஸ் வேறு கதை. அதற்குப் போடும் பாப்பர் (தண்ணீர் மேல் மிதந்து சத்தம் போடும் ஃப்ளை) பெரிது, காற்றில் குடை விரித்த மாதிரி தடுக்கும், 5 எண் லைன் அதைத் தள்ளாது. அல்லி இலைகளுக்குள் ஓடும் மீனை இழுக்கவும் பலம் வேண்டும். 8 எண், ஏழரை அடி லீடர், 0எக்ஸ். இரண்டுக்கும் நடுவே 6 எண் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. ஹியூரன் ஆற்றில் ஸ்மால்மவுத் என்கிற பாஸ் வகையை மட்டும் பிடிப்பவருக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

அதே 5 எண்ணை ஏரிக்கும் எடுத்துப் போங்கள், பாஸுக்கு அல்ல, புளூகில்லுக்கு. மே கடைசி, ஜூனில் முட்டையிட ஆழமில்லாத கரையோரம் வந்துவிடும். உள்ளங்கை அகல மீன், ஜிலேபிக் கெண்டை மாதிரி தட்டையாக இருக்கும், சுண்டுவிரல் நக அளவு பாப்பரைப் போட்டால் சண்டை பிடித்துக்கொண்டு வரும். கை பழக அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பாஸ் செட் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ரீல்? இங்கே சாதாரண ட்ரவுட்டுக்கு அது லைன் சுற்றி வைக்கும் டப்பா, அவ்வளவுதான். மீனைக் கையாலேயே லைனை இழுத்துக் கொண்டுவருவோம். ஸ்டீல்ஹெட் (பெரிய ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும் பெரிய ட்ரவுட்) பக்கம் போனால்தான் நல்ல பிரேக் உள்ள ரீல் தேவைப்படும். அந்தப் பணத்தில் போலரைஸ்டு கண்ணாடியும் தொப்பியும் வாங்குங்கள், முதல் மாதம் நீங்கள் அதிகம் பிடிக்கப்போவது உங்கள் காதைத்தான். முள்ளின் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், காதிலிருந்து எடுக்க எளிது.

அப்புறம், லைசென்ஸ் ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, மார்ச்சில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். ஓ சாபிளில் பர்ட்டன்ஸ் லேண்டிங் முதல் வேக்லி பாலம் வரை ஃப்ளை மட்டும்தான், பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். குழம்புக்கு ஆசைப்பட்டு அங்கே போகாதீர்கள்.

எப்போது போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஜூன் கடைசி என்றால் இருட்டிய பிறகு ஹெக்ஸ் என்கிற பெரிய ஈசல் மாதிரிப் பூச்சி எழும்பும், அதற்கு 6 அளவு ஃப்ளை, தடித்த முனை, தலையில் மாட்டும் விளக்கு என்று பட்டியல் மாறிவிடும்.