ராத்திரி 12 மணிக்கு மேல் டைமர் ஏன் இன்ஸ்டாகிராமை நிறுத்துவதில்லை?

டைமர் கெட்டுப்போகவில்லை. ஆண்ட்ராய்டு போனில் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் வைக்கும் ஆப் டைமர் நள்ளிரவு 12 மணிக்குப் புதுக்கணக்கு தொடங்கிவிடும். நாளுக்கு 45 நிமிடம் என்று டைமர் வைத்தும், 11 மணிக்குச் சாம்பல் நிறமாகிற ஐகான் 12 தாண்டியதும் மறுபடி திறக்கிறது, 1 மணி வரை ரீல்ஸ் ஓடுகிறது என்கிறீர்கள். அது மறுநாளுக்கான 45 நிமிடம், விடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது.

அந்த நேரத்திலும் கை இன்ஸ்டாகிராமுக்குப் போவதற்குத் தலைமாட்டில் போன் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நானும் அலாரம் வைக்கத்தான் எடுப்பேன். கட்டைவிரல் தானாக ரீல்ஸுக்குப் போய்விடும்.

1. டிஜிட்டல் வெல்பீயிங்கில் இன்ஸ்டாகிராமைத் தொட்டு, மணிவாரியாகப் பாருங்கள். 12 மணிக்கு மேல் பட்டை உயர்ந்திருந்தால் சிக்கல் இதுதான்.

2. சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் போதும். ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். முதல் இரண்டு ராத்திரி கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டைம் மோடை மட்டும் நம்பாதீர்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும், சத்தத்தை அடக்கும், ஆப்பைப் பூட்டாது. போன் மாடலுக்கு ஏற்ப மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறலாம்.

போன் பக்கத்தில் இல்லாதபோதும் பல நாள் தூக்கம் வரவில்லை என்றால், அது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.