ஒருபால் திருமண உரிமைக்காகப் புதுச்சேரியில் அமைதியாக என்ன செய்யலாம்?

கேட்டவர் ஊர்வலத்தை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார். ஊர்வலம் வேண்டும்தான். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைப் பக்கம் பதாகையோடு நின்றால் நடக்க வந்த தாத்தாகூட நின்று படிப்பார். (காவல்துறை அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.)

ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடி 2018-இல் போனது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை ஏற்கவில்லை, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஆகவே உங்கள் மனு போக வேண்டிய இடம் எம்.பி. அலுவலகம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வீட்டுப் பேச்சு. "சட்டமே ஏற்காத கல்யாணமா?" என்று அத்தை கேட்டால், சுயமரியாதைத் திருமணத்தைச் சொல்லுங்கள். ஐயரும் அக்கினியும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள், 1967-இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவரும்வரை, பல்லாண்டு சட்டத்தின் கண்ணில் தம்பதியரே இல்லை. வாழ்ந்து காட்டினார்கள், சட்டம் பின்னால் வந்தது. நம் ஊரில் இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

அப்புறம், கையில் இருப்பதையும் பயன்படுத்துங்கள். இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நியமனதாரராகக் காட்டவும் தடையில்லை என்று 2024-இல் மத்திய நிதி அமைச்சகம் சொல்லிவிட்டது. கிளையில் முழித்தால் அந்த அறிவிப்பின் நகலை நீட்டுங்கள். பெற்றோர் 'காணவில்லை' புகார் கொடுத்தாலும், சம்மதத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்தோரைப் போலீஸ் தொல்லை செய்யக்கூடாது என்பது 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான்.