அஸ்தி கரையுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அம்மா தவறி எட்டு மாதம் ஆகிறது. தன் அஸ்தியைக் கடலில்தான் விட வேண்டும் என்று, நல்ல நினைவோடு இருக்கும்போதே என்னிடமும் தம்பியிடமும் சொல்லியிருந்தார். தம்பி இதுவரை மூன்று முறை படகுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். மூன்று முறையும் நான்தான் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். கடைசி முறை அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் செய்ய விடமாட்டேங்கிற" என்றான். இப்போது சரியாகப் பேசுவதில்லை.

பெட்டி என் அலமாரியில், அம்மாவின் துணிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு என்ன பயம் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. கரைத்துவிட்டால் அப்புறம் எங்கே போய் நிற்பது? கல்லறை என்றால் ஓர் இடம் இருக்கும். கடலில் எது இடம்? கரைத்த நிமிடத்தோடு அம்மா முழுசாக இல்லாமல் போய்விடுவார் என்று தோன்றுகிறது. கொஞ்சத்தை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா? அது அம்மாவுக்குச் செய்யும் துரோகமா?

ஒரு கட்டுரையில் உங்கள் அப்பாவின் அஸ்தியைக் கடலில் விட்டதாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அதை விரிவாகச் சொல்ல முடியுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

எம்.

*

அன்புள்ள எம்.,

அதை ஒரே வரியில் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், அன்றைக்கு எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

'அஸ்தி கரைப்பது' என்கிறோம். உப்பைக் கரைப்பது போல, சர்க்கரையைக் கரைப்பது போல. உங்கள் பயத்தில் பாதி அந்த வினைச்சொல்லில் இருக்கிறது என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அஸ்தி கரைவதில்லை.

தகன உலையில் வெப்பம் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் உடம்பில் எரியக்கூடியது எல்லாம் எரிந்து ஆவியாகிவிடும். மிஞ்சுவது எலும்பு, அதிலும் எலும்பில் உள்ள தாதுப்பொருள் மட்டும். ஆறிய பிறகு, உடம்பில் பொருத்தியிருந்த உலோகத் துண்டுகளை எடுத்துவிட்டு, இயந்திரத்தில் அரைத்துத்தான் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். சாம்பல் என்று சொல்கிறோமே தவிர, அது விறகுச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. குருணையாக, சொரசொரவென்று இருக்கும். அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். பெரியவர் ஒருவருக்கு 2 முதல் 3 கிலோ வரை வரும். ஆள் குண்டா ஒல்லியா என்பதை வைத்து அது பெரிதாக மாறாது, எலும்புக்கூட்டின் அளவுதான் கணக்கு. என் அப்பா கடைசி வருடத்தில் பாதியாக இளைத்துப்போயிருந்தார். பெட்டியைக் கையில் வாங்கியபோது அதன் கனம் என்னைத் திகைக்க வைத்தது. நோய் வருவதற்கு முன்னால் இருந்த அப்பாவின் கனம் அது என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது.

அந்தத் தூளில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். தண்ணீரில் அது கரையாது என்றே சொல்லிவிடலாம். கொஞ்சம் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும், அவை கரையும். மற்றதில் நயமான தூள் நீரோட்டத்தோடு போகும். குருணை கீழே இறங்கி மணலோடு சேரும். கடலுக்கு அது புதுப் பொருளும் இல்லை, மீன் முள்ளும் அதே தாதுதான். வேதியியல் யாருக்கும் ஆறுதல் சொல்ல வந்ததல்ல. ஆனால் எனக்கு இது தெரிந்த பிறகு மனசு கொஞ்சம் இறங்கியது.

சரி, அந்த நாள்.

நாங்கள் ஐந்து பேர், படகோட்டி ஆறாவது ஆள். கரை ஒரு கோடாகத் தெரியும் தூரம் வரை போனோம். அமைதியாக இருக்கட்டும் என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஓடுகிற படகு அலையைக் கிழித்துக்கொண்டு போகும், நிறுத்திய படகு அலையின் இஷ்டத்துக்கு ஆடும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டே நிமிடத்தில் அக்கா மகன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை, அதன் வாயில் இறுக்கிப் பூட்டிய கேபிள் டை. யாரிடமும் கத்தி இல்லை. இழுத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், கடைசியில் பல்லால் கடித்தேன். அப்பா இருக்கிற பையைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று திடீரென்று தோன்றி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள் என்றால் நாவலில் வருகிற மாதிரி இருக்கும், ஆனால் அப்படித்தான். படகோட்டி தன் கத்தியை நீட்டினார்.

அப்புறம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். எழுந்து நின்று, நெஞ்சு உயரத்திலிருந்து, எந்தப் பக்கம் நின்றேனோ அந்தப் பக்கமே கொட்டினேன். காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. பாதி கடலுக்குப் போயிற்று. பாதி எங்கள் மேல் வந்தது. அக்காவின் தலைமுடியில், என் உதட்டில், மூக்குக்கண்ணாடியில். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டிவிடலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் கைகளை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றோம். "இந்தப் பக்கம் வாங்க சார், உட்கார்ந்து விடுங்க" என்றார் படகோட்டி. அதை அவர் முன்னாடியே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

காற்று முதுகுப் பக்கம் வரும்படி மறுபக்கம் போய், மண்டியிட்டு, கை தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்து மீதியை விட்டேன். தூறல் ஆரம்பிக்கும்போது கேட்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். குருணை உடனே கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. நயமான தூள் மட்டும் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே, பச்சைத் தண்ணீருக்குள் வெளிறிய மேகம் மாதிரி நின்றது. பிறகு மெதுவாக நீண்டு, படகை ஒட்டியபடியே பின்பக்கமாகப் போனது. நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டே படகுக்குள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்தோம். அது போன பிறகும் அக்கா தூவிய பூவிதழ்கள் மிதந்துகொண்டிருந்தன. பூ எதற்கு, வீண் வேலை என்று காலையில் அவளிடம் சொல்லியிருந்தேன். தூள் மறைந்த பிறகு பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

அன்று இரவு துணி மாற்றும்போது கால்சட்டையின் அடிமடிப்பில் ஒரு சிட்டிகை இருந்தது. கழுவிவிட மனம் வரவில்லை. திரும்பப் படகு பிடித்துப் போகவா முடியும்? ஒரு கடித உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே 'கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமா' என்று நீங்கள் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. நான் யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்டவன்.

பிரித்தால் குறை என்று சிலர் சொல்வார்கள். காந்தியின் அஸ்தி 1948இல் பல கலசங்களாகப் பிரிந்து பல ஊர்களுக்குப் போனது. அதில் ஒரு பங்கை 2008 ஜனவரி 30 அன்று மும்பைக் கடலில் விட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த இன்னொரு பங்கை 2010 ஜனவரி 30 அன்று டர்பன் கடலில் விட்டார்கள். 62 வருடம் யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். உங்கள் எட்டு மாதத்துக்காக யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தூள் கெட்டுப்போகிற பொருளும் இல்லை.

எங்கே போய் நிற்பது என்பதுதான் கடினமான கேள்வி. எல்லாக் கடலும் ஒரே கடல்தானே, எந்தக் கரையில் நின்றாலும் அம்மா அங்கே இருப்பார் என்று உங்களிடம் இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. எல்லா இடத்திலும் இருக்கிற ஆளைப் பார்க்கப் போக முடியாதே.

மார்க்ஸுக்கு லண்டன் ஹைகேட்டில் கல்லறை இருக்கிறது, இன்றும் கூட்டம் போகிறது. எங்கெல்ஸுக்குக் கல்லறையே கிடையாது. 1895 ஆகஸ்டில் அவர் இறந்தார். அவர் விருப்பப்படி, ஈஸ்ட்போர்ன் ஊரை அடுத்த பீச்சி ஹெட் முனைக்கு அப்பால் அஸ்தியைக் கடலில் விட்டார்கள். படகில் போனவர்களில் மார்க்ஸின் மகள் எலியனோரும் ஒருவர். ஈஸ்ட்போர்ன் எங்கெல்ஸ் ஓய்வெடுக்கப் போகும் ஊர். அவரைத் தேடிப் போகிறவர்கள் அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மேல் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் பாருங்கள், நிற்பதற்கு ஒரு பாறை இருக்கிறது. உங்கள் அம்மாவுக்குப் பிடித்த கரை ஏதாவது உண்டா? இருந்தால் அங்கிருந்து கிளம்புங்கள்.

இன்னொன்று. அமெரிக்கக் கடற்படை, படையில் பணியாற்றியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கேட்டுக்கொண்டால் அவர்களின் அஸ்தியைத் தன் கப்பல்களிலிருந்து கடலில் விடுகிறது. குடும்பத்தார் அந்தக் கப்பலில் போக முடியாது. அதற்குப் பதிலாக நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். நான் இதைத்தான் செய்தேன். கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் கைபேசியில் ஜிபிஎஸ் வேலை செய்யும். அப்பாவின் எண்கள் என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன, பார்க்க ஏதோ நீளமான தொலைபேசி எண் மாதிரி. அந்த இடத்துக்கு நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் போனதில்லை. கரையில் நின்று, 'இந்தத் திசை, இவ்வளவு தூரம்' என்று பார்ப்பேன். பல நாள் அது போதுமானதாக இருக்கிறது. சில நாள் போதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி விஷயம். அவன் கோபத்தை நீங்கள் அவசரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. படகு பிடிப்பது, ஆளைப் பார்ப்பது, நாள் குறிப்பது எல்லாம் அவனால் செய்ய முடிகிற வேலை. சிலருக்குத் துக்கம் அப்படித்தான் வரும், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். பெட்டி உங்கள் அலமாரியில் இருக்கிறது. நள்ளிரவில் எழுந்து போய் நீங்கள் அதைத் தொட்டுப் பார்க்கலாம். அவன் வீட்டில் என்ன இருக்கிறது? இந்த எட்டு மாதமும் அவனிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் கொஞ்சம் வைத்துக்கொள்வதென்றால் அவனிடம் சொல்லிவிட்டு எடுங்கள், அவனுக்கும் கொஞ்சம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்பான். இருந்தாலும் கேளுங்கள். துரோகம் என்று ஒன்று இருந்தால், அவனுக்குத் தெரியாமல் எடுத்து வைப்பதுதான்.

மீதி அத்தனையையும் கடலில் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். அம்மா எங்கே என்று சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. அந்தச் சலுகையை நீங்கள் எடுத்துக்கொண்டதில் தவறில்லை. ஆனால் அலமாரியை அவர் கேட்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் கரையிலிருந்து குறைந்தது 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், தள்ளிப் போக வேண்டும். 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சிங்கப்பூரில் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே 2.8 கிலோமீட்டரில் இதற்கென்றே ஓர் இடம் குறித்திருக்கிறார்கள். உங்கள் கடலுக்கு என்ன விதி என்பதை அங்கே உள்ள அதிகாரிகளிடம் கேளுங்கள், படகுக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது காற்றைப் பற்றி. கையால் விடப் பயமாக இருந்தால், உப்பிலும் காகிதக் கூழிலும் செய்த கலசங்கள் கிடைக்கின்றன. அப்படியே தண்ணீரில் வைத்தால் மூழ்கி, உள்ளே போய்ப் பிரிந்துவிடும். எனக்கென்னவோ கையால் விடுவதே சரி என்று படுகிறது, ஆனால் என் கை எவ்வளவு சரியாகச் செய்தது என்று மேலே படித்துவிட்டீர்கள். பூவென்றால் இதழாக உதிர்த்துக்கொண்டு போங்கள், நாரும் பிளாஸ்டிக்கும் கூடாது. ஒருவரும் வீடியோ எடுக்க வேண்டாம். எங்கள் கூட வந்தவர் ஒருவர் எடுத்தார், அந்த மேகம் நீண்டு போன நேரம் முழுக்க அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெட்டியை இரண்டு பேருமாகத் திறந்து பாருங்கள். கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள். முதல் தடவை தொடுவது ஆடுகிற படகில் வேண்டாம். கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்