என்எஃப்எஸ் 4: டொமைன் எங்க பாக்கறது? கேள்வி பதில்

கேள்வி: என்எஃப்எஸ் 4ல (நெட்வொர்க் வழியா ஃபைல் ஷேர் பண்ற முறை) சர்வர் ஃபோல்டர் மவுண்ட் ஆகுது, ஆனா எல்லா ஃபைலுக்கும் ஓனர் நோபடினு (யாருன்னு தெரியாத ஆள்) வருது. டொமைன் செக் பண்ணுங்கறாங்க, எங்க பாக்கறது அண்ணா?

பதில்: என்எஃப்எஸ் 4ல ஓனர் பேரு "யூசர் அட் டொமைன்"னு எழுத்தா போகும், ரெண்டு பக்கமும் டொமைன் ஒத்துவரலைன்னா நோபடி. எட்சி டைரக்டரில ஐடிமேப்டி கான்ஃப் ஃபைல்ல டொமைன் வரி இருக்கும், ஆனா அத மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க தம்பி, நிறைய சிஸ்டம்ல அந்த வரி முன்னாடி ஹேஷ் குறி (#) இருக்கும், அப்ப அது இல்லாத மாதிரிதான், மெஷினோட முழுப் பேர்ல ஹோஸ்ட் பேர வெட்டிட்டு மிச்சத்த டொமைனா எடுத்துக்கும், அதுவும் கிடைக்கலைன்னா லோக்கல்டொமைன். என்எஃப்எஸ்ஐடிமேப் மைனஸ் டி அடிங்க, அது சொல்றதுதான் இப்ப ஓடற டொமைன். சர்வர், கிளையன்ட் ரெண்டுலயும் அடிக்கணும். மாத்துனதுக்கப்புறம் அதே கமாண்ட் மைனஸ் சி போட்டு கேஷ கிளியர் பண்ணுங்க, இல்லன்னா பழைய பேரே 600 செகண்ட் வரைக்கும் நிக்கும்.

கேள்வி: சர்வர் லினக்ஸ் இல்ல, சோலாரிஸ் ஓஎஸ் சார், அதுல எங்க பாக்கறது?

பதில்: ஷேர்சிடிஎல் கெட் போட்டு என்எஃப்எஸ்மேப்ஐடி டொமைன் ப்ராப்பர்ட்டிய பாருங்க. காலியா இருந்தா டிஎன்எஸ்ல இருந்து எடுத்துக்குது.

கேள்வி: சாம்பால (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்) டொமைன் எப்படி பாக்கறது?

பதில்: அது வேற ப்ரோட்டோகால், டெஸ்ட்பார்ம் அடிச்சு வொர்க்குரூப் வரிய பாருங்க.

கேள்வி: டொமைன் ஒண்ணாக்கிட்டேன், எல்எஸ் கமாண்ட்ல என் பேரு சரியா வருது, ஆனா எழுதப் போனா பெர்மிஷன் டினைட்!

பதில்: இதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். டொமைன் சரியானா ஓனர் பேரு மட்டும்தான் சரியா தெரியும், அனுமதி தராது. செக் சிஸ் மவுண்ட்ல (கிளையன்ட் சொல்ற யூசர் நம்பர அப்படியே நம்பற முறை) ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் கிளையன்ட் அனுப்பறது உங்க யூஐடி, அதாவது யூசர் நம்பர். கிளையன்ட்ல 1001, சர்வர்ல 1005னா சர்வருக்கு நீங்க வேற ஆள்தான்.

கேள்வி: அப்ப டொமைன் வேலையே இல்லன்னு சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல யாரும் செட் பண்ணல, நல்லாத்தான் ஓடுது.

பதில்: ஓடும், ஏன்னா லினக்ஸ்ல செக் சிஸ்ஸுக்கு ஐடிமேப்பிங் (பேரு, நம்பர் மாத்தற வேலை) டிஃபால்ட்டா ஆஃப், நம்பரயே எழுத்தா மாத்தி அனுப்பிடும். சிஸ் டைரக்டரிக்குள்ள என்எஃப்எஸ் மாட்யூல் பாராமீட்டர்ஸ்ல என்எஃப்எஸ்4 டிசேபிள் ஐடிமேப்பிங் ஒய்னு இருக்கும், பாருங்க. உங்க யூஐடி எல்லாம் ஏற்கனவே எல்டாப்ல (எல்லா மெஷினுக்கும் பொதுவான யூசர் லிஸ்ட்) ஒண்ணா இருக்கும், அதான் தெரியல. கெர்பரோஸ் (டிக்கெட் வெச்சு ஆள உறுதி பண்ற முறை) போடுங்க, அன்னைக்கே டொமைன் தேடி வருவீங்க.

கேள்வி: கெர்பரோஸ்லயும் ரியல்ம்னு (அதோட யூசர்ஸ் இருக்கற எல்லைக்கு பேரு) ஒண்ணு இருக்கே, அதே டொமைன்தானே?

பதில்: இல்ல. ரெண்டும் ஒரே பேரா இருக்கலாம், ஆனா ரியல்ம் வேற, டொமைன் வேற. ஒண்ண மாத்துனா இன்னொண்ணும் மாறிடும்னு நம்பி நைட்டெல்லாம் உக்காந்தவங்கள நேர்லயே பாத்திருக்கேன்.

கேள்வி: எனக்கும் நோபடினு வருது, ஹெல்ப் பண்ணுங்க.

பதில்: மேல முதல் பதில்.

கேள்வி: படிச்சேன் அண்ணா, ஆனா ரூட்டா கிரியேட் பண்ண ஃபைல் மட்டும்தான் நோபடி.

பதில்: இத முதல்லயே சொல்லிருக்கணும். அது ரூட் ஸ்குவாஷ், கிளையன்ட்டோட ரூட்ட சர்வர் வேணும்னே நோபடியா மாத்திடும், டொமைன் பிரச்சனையே இல்ல, கைவைக்காதீங்க. மத்தவங்க ரெண்டு மெஷின்லயும் மைனஸ் டி அடிச்சு வந்தத அப்படியே போடுங்க, அது இல்லாம கேட்டா இனிமே பதில் சொல்லல.