நாடகத்துக்கு முன்பா, பின்பா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் எங்கள் மகன், ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் மாலை ஏழரை மணிக்குத் தொடங்கும் நாடகத்துக்கு எனக்கும் என் மனைவிக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறான். அவனுடைய அலுவலக நண்பர்கள் இருவர், முதலில் பப்பில் சந்தித்துவிட்டு, எளிமையாக ஏதாவது சாப்பிட்டபின் அரங்குக்குப் போகலாம் என்கிறார்களாம். நாங்கள் இருவரும் சைவம், மது அருந்துவதில்லை. நாடகம் முடிந்து சாப்பிட்டால் போதாதா? பப்பில் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அவசியம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். இடைவேளையையும் சேர்த்து நாடகம் முடிய இரவு பத்து மணி ஆகிவிடும். அதற்குள் பல உணவகங்களில் அடுப்பை அணைக்கத் தொடங்கியிருப்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் சீனர் வட்டாரத்தில் கடைகள் திறந்திருந்தாலும், அந்த நேரத்தில் சைவ உணவு தேடி நடக்க உங்கள் இருவருக்கும் தெம்பு இருக்காது. நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகவே அந்தப் பகுதி உணவகங்கள் பலவற்றில், மாலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை, இரண்டு அல்லது மூன்று பதார்த்தங்கள் சேர்ந்த சாப்பாட்டை ஒரே விலையில் தருகிறார்கள். ஐந்தரைக்கு மேசையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது ஒரு முறையும், உட்கார்ந்தவுடன் சர்வரிடம் மறுமுறையும், "ஏழரைக்கு நாடகம்" என்று சொல்லிவிட வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை அப்படிச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டோம். சூப்பும் ரொட்டியும் உடனே வந்தன. அதன்பிறகு ஏழு மணி பத்து நிமிடம் வரை ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்த தட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடியும், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாடகம் தொடங்கியிருந்தது. தாமதமாக வருகிறவர்களை, காட்சிகளுக்கு இடையே பொருத்தமான இடம் வரும்வரை உள்ளே விடமாட்டார்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நிறைந்த அரங்கு சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சைவத்துக்கு, யூஸ்டன் ரயில் நிலையத்தை ஒட்டிய டிரம்மண்ட் தெருவைச் சொல்வேன். அங்கே இந்திய சைவ உணவகங்கள் இருக்கின்றன. சாப்பிட்டபின் யூஸ்டனில் சுரங்க ரயிலின் நார்தர்ன் பாதையில் ஏறினால் நான்காவது நிறுத்தம் லெஸ்டர் சதுக்கம், அங்கிருந்து அரங்குக்குச் சில நிமிட நடைதான். ஸ்ட்ராண்ட் தெருவில், அரங்குகளுக்குப் பக்கத்திலேயே, மாடிப்படி ஏறிப் போய்த் தோசை சாப்பிட 'இந்தியா கிளப்' என்று ஓர் இடம் இருந்தது. 1951-இல் தொடங்கப்பட்ட அந்த கிளப்பை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அது இருந்திருந்தால் உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன்.

பப்புக்குத் தயங்காமல் போங்கள். குடிக்காதவர்கள் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது இயல்பான காட்சிதான். எலுமிச்சைச் சாறு கலந்த சோடா கேட்டால் யாரும் வியப்பாகப் பார்க்கமாட்டார்கள். பெரும்பாலான பப்புகளில் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்க ஆள் கிடையாது. கவுன்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்துவிட்டுக் கையோடு எடுத்து வர வேண்டும், டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த முறை இன்னொருவர் வாங்குவது அவர்கள் வழக்கம். நீங்கள் குடிப்பது சோடாதான் என்றாலும், உங்கள் முறை வரும்போது எழுந்து போய் வாங்கிக் கொடுங்கள். நண்பர்களுக்கு அது மகிழ்ச்சி தரும். உணவகத்தில் மட்டும், பில்லிலேயே சேவைக் கட்டணமாக 12.5 சதவீதம் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்திருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம்.

சோடாவானாலும் பீரானாலும், நாடகத்துக்கு முன் அளவாகக் குடிப்பதே நல்லது. பப்பில் பெரிய கோப்பையின் அளவான ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் லிரிக் அரங்கு 1888-இலும், அப்பல்லோ 1901-இலும், கீல்குட் 1906-இலும் திறக்கப்பட்டவை. இடநெருக்கடியுள்ள அந்தப் பழைய கட்டடங்களில் கழிப்பறைகள் குறைவு. இடைவேளையோ பதினைந்து, இருபது நிமிடம்தான், அதிலும் பெண்கள் வரிசை படிக்கட்டு வரை நீளும். இடைவேளையில் ஏதாவது குடிக்க விரும்பினால், நாடகம் தொடங்குமுன்பே அரங்கின் பாரில் பணம் கட்டிவிடலாம். வெளியே வரும்போது உங்கள் பெயரெழுதிய சீட்டோடு கோப்பைகள் ஓரமாகக் காத்திருக்கும்.

ஏழு மணிக்கெல்லாம் அரங்குக்குள் இருங்கள். மேல்தளங்களுக்குப் படியேறித்தான் போக வேண்டியிருக்கும், அப்பல்லோவின் மேல்தளம் மிகவும் செங்குத்தானது. உங்கள் மனைவிக்கு முழங்கால் வலி இருக்குமானால், டிக்கெட் எந்தத் தளத்துக்கு என்று மகனிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.