சம்பளச் சீட்டில் எழுதாத வாடகை

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், நிர்வாகம் தொழிலாளருக்குக் கொடுக்கும் லயத்து வீட்டில் (வரிசை வீட்டில்) குடியிருக்கிறோம். கணவருக்கு வயது 43, குலை வெட்டுகிறார். நான் பட்டணத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலைக்குப் போகிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனதிலிருந்து இருவருக்கும் சேர்த்து 3,400 வருகிறது. ஆனால் கடையில் எல்லாமே விலை ஏறிவிட்டது. கூடிய காசு எங்கே போகிறதென்றே தெரியவில்லை. பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) 180,000 வெள்ளிக்கு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. பாலிடெக்னிக் முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கிய மகனின் பெயரையும் சேர்த்தால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார் தரகர். இப்போதே வாங்கலாமா, அடுத்த சம்பள உயர்வு வரட்டும் என்று இருக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் கடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். சம்பளம் ஏறியதால்தான் விலை ஏறிற்று என்று ஒட்டுக்கடைக்காரர் சொல்வார். அதில் பாதிதான் உண்மை. 1,500 வெள்ளி 1,700 ஆனது ஏறக்குறைய 13 விழுக்காட்டு உயர்வு. 2 வெள்ளி ரொட்டி சானாயில் ஆள் கூலி 60 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 13 விழுக்காடு 8 காசு. விலையை 30 காசு ஏற்றினார் என்றால் மீதி 22 காசுக்கு உங்கள் சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது. மாவும் எண்ணெயும் வாடகையும் அதற்குள் இருக்கின்றன. வெங்காயத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டு, 2024 மே மாதத்தில்தான் அதை நீக்கியது. அதற்கும் நம் ஊர்ச் சம்பளத்துக்கும் என்ன தொடர்பு? முடிவெட்டுவது, மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பது போல ஆள் உழைப்பே பெரும் செலவாக உள்ள இடங்களில்தான் சம்பள உயர்வு நேராக விலையில் ஏறும்.

வீட்டு விலையின் கதை வேறு. உங்கள் 200 வெள்ளி அதை ஏற்றவும் இல்லை, எட்டவும் விடவில்லை. பட்டணத்துத் தாமான் வீட்டுக்கு யார் யார் போட்டி போடுகிறார்கள் என்று பாருங்கள்: ஆசிரியர், ஈப்போவில் வேலை செய்பவர், சிங்கப்பூரில் சம்பாதித்துப் பெற்றோருக்கு வீடு வாங்கும் பிள்ளை. அரசு ஊழியர் சம்பளமும் 2024 டிசம்பரிலும் 2026 ஜனவரியிலும் இரண்டு கட்டமாக ஏறியது. வங்கி யாருக்கு அதிகக் கடன் கொடுக்கிறதோ, விலை அவருடைய கைக்கு ஏற்பத்தான் நிற்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி, 2022-இல் 1,500, 2025-இல் 1,700. அடுத்த உயர்வும் ஒரு நாள் வரும். ஆனால் அன்றைக்கு மற்றவர்களும் இன்று நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். உயர்வுக்காக மட்டும் காத்திருக்காதீர்கள்.

அதற்காக 180,000 வெள்ளி வீட்டை வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வீட்டு விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால் தாங்கும் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். உங்களுக்கு ஆண்டு வருமானம் 40,800. மூன்று மடங்கு 122,400. இந்த வீடோ நாலரை மடங்கை நெருங்குகிறது.

வயது அதைவிடப் பெரிய சிக்கல். 10 விழுக்காடு முன்பணம் போக 162,000 கடன். வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வங்கிகள் 70 வயது வரை தவணை கொடுப்பதுண்டு. அதாவது 27 ஆண்டு, மாதம் 818 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதிக்கான பணமும் பிடித்தபின் இருவர் கைக்கும் 3,000 வெள்ளிதான் வரும். அதில் 818 கட்டிவிடலாம் போலத்தான் தோன்றும். தரகரும் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார். ஆனால் உங்கள் கணவர் 60 வயதில் ஓய்வு பெறும் நாளில் இன்னும் ஏறக்குறைய 81,000 வெள்ளி பாக்கி இருக்கும். 70 வயதுவரை யார் குலை வெட்டுவது? 60 வயதுக்குள் முடிக்கவேண்டுமென்றால் தவணை 1,096 வெள்ளி.

இன்னொன்று. லயத்து வீடு உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி. சம்பளச் சீட்டில் அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். தாமானுக்குப் போன மறு மாதமே தண்ணீர், மின்சாரம், மதிப்பீட்டு வரி, விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) கணவர் மோட்டார் சைக்கிளில் ஓடும் பெட்ரோல் எல்லாம் வந்து சேரும். லயத்துக்குப் பின்னால் நட்ட கறிவேப்பிலையும் வாழையும் கூடக் கடைக் கணக்குக்குப் போய்விடும். மாதம் 300 வெள்ளியாவது தனியே ஒதுக்குங்கள்.

ஆனால் லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான் உங்களுடையது. என் அப்பா ஓய்வு பெற்றபோது தோட்ட நிர்வாகம் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டிலிருந்து சாமான்களை லாரியில் ஏற்றியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் வீடே வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

பழைய தாமான்களில் 120,000 வெள்ளிக்குள் கைமாறும் வீட்டைத் தேடுங்கள். 108,000 கடனை 17 ஆண்டில் முடிக்க மாதம் சுமார் 730 வெள்ளி. தரகர் காட்டும் 818-ஐ விடக் குறைவு. கணவர் ஓய்வு பெறும்போது கடனும் தீர்ந்திருக்கும். முன்பணத்துக்குச் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்கென எடுக்கலாம். இருவர் கணக்கறிக்கையையும் முதலில் பாருங்கள். ஐந்து லட்சம் வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கும் உண்டு. வக்கீலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் பெயரைச் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். தவணைக் காலம் நீளும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடன் அவன் கணக்கிலும் நிற்கும். நாளை தனக்கென்று வீடு வாங்கப் போகும்போது அது அவனுடைய ‘முதல் வீடு’ ஆகாது. வங்கியும் பழைய தவணையைக் கழித்துத்தான் புதுக் கடன் கொடுக்கும்.

சாவி கைக்கு வந்தவுடன் லயத்தை விட்டுப் போகவேண்டும் என்பதில்லை. கணவர் தோட்டத்தில் இருக்கும்வரை அங்கேயே இருந்துகொண்டு, வாங்கிய வீட்டை வாடகைக்கு விடலாம். தவணையில் பாதியாவது அதிலிருந்து வரும். குறைந்த விலை வீட்டுத் திட்டமாக இருந்தால் வாடகைக்கு விடத் தடை இருக்கக்கூடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியை ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிடுங்கள்.