வீட்டுக் கொம்பியூட்டருக்கு எந்த இலவச அன்ரிவைரஸ்? - கேள்வி பதில்

பள்ளிக்கூட லீவு விட்டால் பென்ட்ரைவுகள் கைமாறத் தொடங்கிவிடும். அதோடு வைரஸ் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை அவற்றை மட்டும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

புதிதாக விண்டோஸ் 11 லப்டொப் வாங்கியிருக்கிறேன். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றில் எதைப் போடலாம்? (கிளிநொச்சி)

மூன்றுமே வேண்டாம். விண்டோஸோடு வருகிற டிபெண்டர் காணும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது உள்ளேயே இருக்கிறது. ஆரம்பத்தில் அதற்கு நல்ல பெயர் இருக்கவில்லை என்பது உண்மைதான். இப்போது ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பரேட்டிவ்ஸ் நடத்தும் சோதனைகளில் காசு கொடுத்து வாங்குபவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நீங்கள் கேட்ட மூன்றும் இன்று ஒரே கம்பனியின் கையில். ஜென் டிஜிட்டல் என்று பெயர், நோர்ட்டனும் அவர்களுடையதுதான். அவாஸ்ட் தன் பாவனையாளர்கள் எந்தெந்த இணையத்தளத்துக்குப் போகிறார்கள் என்ற விபரத்தை ஜம்ப்ஷொட் என்ற துணைக் கம்பனி வழியாக விற்றது 2020இல் வெளியே வந்தது. ஜம்ப்ஷொட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1.65 கோடி டொலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்தவரே வீட்டுக் கதையை வெளியில் விற்றால் என்ன செய்வது?

இல்லை, வேறு ஒன்று போட்டால்தான் மனம் ஆறும் என்றால் பிட்டிபெண்டரின் இலவசப் பதிப்பைப் பாருங்கள். அதிகம் தொல்லை தராது. கஸ்பர்ஸ்கியும் வைரஸ் பிடிப்பதில் கெட்டிக்காரன்தான். ஆனால் அமெரிக்கா 2024இல் ரஷ்யத் தொடர்பைக் காரணம் காட்டித் தன் நாட்டில் அதன் விற்பனையைத் தடை செய்தது. அதைப் போடுவதா என்பது உங்கள் முடிவு.

இரண்டு அன்ரிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புத்தானே? (மாங்குளம்)

இல்லை. ஒன்று திறக்கிற பைலை மற்றதும் பிடித்து வைத்துக்கொண்டு சோதிக்கும், லப்டொப் திணறும். மல்வேர்பைட்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதன் இலவசப் பதிப்பு பின்னால் ஓடிக்கொண்டிருக்காது, நீங்கள் சொன்னால் மட்டும் ஒருக்கால் தேடிப் பார்க்கும். சந்தேகம் வந்தால் அதையும் ஓடவிடலாம்.

ரியூசன் நோட்ஸ் பிரின்ட் எடுக்கப் பென்ட்ரைவைக் கொமினிக்கேசனுக்குக் கொண்டுபோனேன் அண்ணை. வீட்டுக்கு வந்து போட்டால் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாகக் கிடக்கிறது. நோட்ஸ் போய்விட்டதா? (உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு)

போகவில்லை தங்கச்சி. போர்மட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

வன்னியில் என் மேசைக்கு வரும் வைரஸ்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். அது உங்கள் போல்டர்களை ஒளித்துவிட்டு, அதே பெயரில் பொய்யான ஷோர்ட்கட்களை வைக்கும். வடிவாகப் பார்த்தால் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அளவும் ஒன்றிரண்டு கேபிதான். அதை இரண்டு தரம் தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மையான போல்டரையும் திறந்து காட்டும். அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. நீங்களும் தட்டியிருந்தால் வீட்டுக் கொம்பியூட்டருக்கும் தொற்றியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொம்பியூட்டரைப் பார்ப்போம். பென்ட்ரைவைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் ஒப்சன்ஸில் டிபெண்டர் ஒப்லைன் ஸ்கேனைக் கொடுங்கள். கொம்பியூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடும். கால் மணித்தியாலம் போல எடுக்கும். கரண்ட் நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பிறகு பென்ட்ரைவைச் செருகி, திறக்காமலே ரைட் கிளிக் செய்து ஸ்கேன் பண்ணுங்கள்.

அப்புறம் நோட்ஸை மீட்கலாம். வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸைத் தெரிவு செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். இந்த வைரஸ் போல்டர்களைச் சிஸ்டம் பைல் என்றும் குறித்து வைக்கும். போல்டர் ஒப்சன்ஸில் ‘ஹைட் புரொடெக்டட் ஒபரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்’ என்பதில் உள்ள சரியடையாளத்தை எடுத்துவிட்டால், எல்லாம் மங்கலான நிறத்தில் வந்து நிற்கும். சில நேரம் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் கிடக்கும். உங்களுடைய பிடிஎப், வேர்ட் பைல்களை மட்டும் கொப்பி எடுங்கள். தெரியாத வேறு எதையும் தொடாதீர்கள். இப்போது பென்ட்ரைவைப் போர்மட் பண்ணலாம். எடுத்த சரியடையாளத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென்ட்ரைவ் அவருடைய ஒரே கொம்பியூட்டருக்குள் போய் வருகிறது! அடுத்த முறை பைலை வட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுக்கப் பாருங்கள்.

எங்கள் பக்கம் சிக்னல் குறைவு, போன் டேட்டாதான். அப்டேற் டேட்டாவை எல்லாம் தின்றுவிடுமா? (துணுக்காய்)

டேட்டாவைத் தின்பது விண்டோஸின் பெரிய அப்டேற்தான். டிபெண்டரின் அன்றாட அப்டேற் அவ்வளவு பெரிதல்ல. ஹொட்ஸ்பொட்டை ‘மீற்றேட்’ (டேட்டாவை அளந்து பாவிக்கும்) இணைப்பு என்று விண்டோஸில் குறித்து வைத்தால் பெரியவை பெரும்பாலும் காத்திருக்கும். பல கிழமை இணையமே இல்லாமல் கிடந்த கொம்பியூட்டர் என்றால், டிபெண்டரின் முழு அப்டேற்றை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து தனிப் பைலாக இறக்கலாம். நூறு எம்பிக்கு மேல் வரும். நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கி, சுத்தமான பென்ட்ரைவில் கொண்டுவந்து இரண்டு தரம் தட்டினால் சரி.

ஜெர்மனியிலிருந்து மாமா அனுப்பிய லப்டொப். மக்காஃபி காலாவதி என்று ஒரே தொல்லை. காசு கட்ட வேண்டுமா? (முல்லைத்தீவு)

தேவையில்லை. அது லப்டொப்போடு வந்த அன்ரிவைரஸ், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஓடும் சோதனைப் பதிப்பு. அது உள்ளே கிடக்கும்வரை டிபெண்டர் ஒதுங்கியே நிற்கக்கூடும். அன்இன்ஸ்டோல் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, டிபெண்டர் எழும்பிவிட்டதா என்று பாருங்கள். ஜெர்மன் கீபோர்ட்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பாஸ்வேர்ட் பிழை என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

விண்டோஸும் ஒபிஸும் போட்டுத் தந்த தம்பி, டிபெண்டரை நிப்பாட்டித்தான் வைக்க வேண்டும் என்கிறார். சரியா? (வவுனியா)

கிராக் பண்ணிய, அதாவது காசு கட்டாமல் பாவிக்கப் பூட்டை உடைத்த மென்பொருளை டிபெண்டர் பிடித்துவிடும். அதற்காகத்தான் நிப்பாட்டச் சொல்கிறார். ஒரு கிராக்குக்காகக் கதவைத் திறந்து வைத்தால் மற்றதெல்லாம் அந்த வழியால்தான் வரும். படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ஸ்டொப் டிஜேவியூ பெரும்பாலும் கிராக் பைல்களுக்குள் ஒளிந்துதான் பரவியது. அதன் பழைய வகைகள் சிலவற்றுக்கு எம்சிசொஃப்ட் என்ற அன்ரிவைரஸ் கம்பனி இலவசத் திறப்புக் கருவி தந்திருக்கிறது. 2019 ஓகஸ்ட்டுக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவற்றைத் திறக்க வழியில்லை. கலியாண வீட்டு அல்பம், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன் போன்றவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். செருகியபடி விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒபிஸுக்குப் பதிலாக லிப்ரேஒபிஸ் இலவசம். யுனிகோட் தமிழ் அதில் நன்றாகவே வரும். டிபெண்டரை இன்றே திரும்பப் போடுங்கள்.

திரையின் மூலையில் ‘ஐந்து வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று அடிக்கடி வருகிறதே? (மல்லாவி)

அநேகமாக அது வைரஸ் இல்லை, விளம்பரம். ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ என்பதைத் தட்டியிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிபிகேசன்ஸுக்குப் போய் முன்பின் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள்.

விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம் உள்ள பழைய கொம்பியூட்டர். இதற்கு எது நல்லது? (ஒட்டுசுட்டான்)

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேற்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. ஓட்டை விண்டோஸில் இருக்கும்போது எந்த அன்ரிவைரஸ் போட்டும் முழுப் பயன் இல்லை. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் வரை கிடைக்கும். உங்கள் பெட்டிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். 8 ஜிபி பென்ட்ரைவில் ஏற்றி, இன்ஸ்டோல் செய்யாமல் அதிலிருந்தே ஓடவிடலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பைல்களைக் கொப்பி எடுத்துவிட்டு இன்ஸ்டோல் செய்யுங்கள்.